பக்கத்து இருக்கை

இருபத்தேழு வருஷம் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் டவுனுக்கு
பஸ் ஓட்டியவன் நான்.
இப்போது மகள் ஓட்டுகிறாள்.
பக்கத்தில் உட்கார்ந்து
இல்லாத பிரேக்கை மிதிக்கிறேன்.

நவம்பரில், டிப்போ வாசலில் வந்தது வலிப்பு.
நல்லவேளை, வண்டியில் ஆள் ஏறவில்லை.
முதலில் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள்,
அப்புறம்தான் மண்டையைத் திறந்தார்கள்.
எடுக்க முடிந்ததை எடுத்தோம் என்றார் டாக்டர்.
எடுக்க முடியாததைப் பற்றிச் சொல்லும்போது
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

வெந்நீரில் முக்கிய பிளாஸ்டிக் வலையை
முகத்தில் போர்த்தி அழுத்தினார்கள்.
ஆறியதும் எனக்கு இன்னொரு முகம்.
தினமும் அதை மாட்டி, மேசையோடு பூட்டிவிட்டு
"அசையக் கூடாது, பாபா" என்று
கதவைச் சாத்திக்கொண்டு போவாள் லிண்டிவே.
அந்தப் பத்து நிமிஷமும் நான் பஸ் ஓட்டுவேன்.
ஹிக்கின்சன் ஹைவேயில் இறங்கி,
மார்க்கெட்டில் கூடைக்காரிகளை இறக்கி,
சில்லறை இல்லாதவனிடம் நாளைக்குக் கொடு என்று சொல்லி...
கடைசி நிறுத்தம் வருவதற்குள்
மெஷின் நின்றுவிடும். ஒருநாளும்
போய்ச் சேர்ந்ததில்லை.

காரில் ஏறுமுன் லோகநாயகி
திருநீறு பூசுவாள், தையல் விழுந்த இடத்தைத் தொடாமல்,
ஒற்றை விரலால்.
மூன்றாம் வாரம் லிண்டிவே
முகமூடியைத் திருப்பிக் காட்டினாள்.
உள்பக்கம், நெற்றி படும் இடத்தில்,
வலைக்கண்ணெல்லாம் வெள்ளை அடைத்திருந்தது.
துடைக்கட்டுமா?
நான் அவ்வளவு பக்திமான் இல்லை.
வேண்டாம் என்றேன்.

காவடிக்குப் பத்து நாள் விரதம், வீட்டில் கவுச்சி கிடையாது.
எனக்கோ ஸ்டீராய்டு.
முகம் பூசணிக்காய், ராத்திரி இரண்டு மணிக்கு
வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்,
ஒளித்து வைத்திருந்த டின் மீனை
அரை ரொட்டியோடு, விளக்குப் போடாமல்,
நின்றபடியே தின்றேன், திருடன் மாதிரி.
காலி டின்னை அலசி
பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.
காலையில் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த ராத்திரி கராஜுக்குப் போனால்
ஒரு ஸ்டூல். டின் ஓப்பனர். ஒரு தட்டு.
இரண்டு பச்சைமிளகாய்.
விரதக் கையால் நறுக்கிய வெங்காயம்,
ஈ மொய்க்காமல் மூடி போட்டு.

தைப்பூசத்தன்று கொளுத்திய வெயிலில்
என்னைக் குடைக்குக் கீழே உட்கார வைத்துவிட்டுக்
காவடி எடுத்தாள்.
ஐம்பத்தாறு வயது, வீங்கிய முழங்கால்.
என்னைத் தாண்டிப் போகும்போது
என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன்,
முருகனிடம் என்ன வேண்டிக்கொண்டாய்?
"பார்க்கிங்" என்றாள்.
என்னது?
"அந்த ஆஸ்பத்திரியில தினமும் வண்டி நிறுத்த இடம் கிடைக்கணும்னு.
பெரிசா ஏதாவது கேட்டு, அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டா?"
கெரூஷ்னி சிரித்த சிரிப்பில்
ரோபோட்டில் பச்சை விழுந்ததைப் பார்க்கவில்லை.
பின்னால் டாக்ஸிக்காரன் ஹார்னில் சாய்ந்துவிட்டான்.
அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு
கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

இன்று முப்பதாவது நாள், கடைசி.
அடுத்த ஸ்கேன் ஏப்ரலில்.
மாத்திரை அதுவரைக்கும், அதற்கு அப்புறமும்.
முகமூடியை வீட்டுக்குத் தருவார்களாம்;
அதை எங்கே வைப்பது என்று
நேற்றிலிருந்து வீட்டில் தகராறு.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு சுற்று. இடமே இல்லை.
பின்சீட்டில் உதடு மட்டும் அசைகிறது.
மூன்றாம் சுற்றில், மரத்தடியிலிருந்து
ஒரு பழைய பக்கி மெதுவாக வெளியே வருகிறது.
நான் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுகிறேன்.
வா... வா... இடது பக்கம் ஒடி...
இன்னும் வா...
போதும். நிறுத்து.